கையெழுத்து: இந்திய முஸ்லிம் பெண்கல்வி வரலாற்றில் ஒரு சொல்லின் இரு பொருள்கள்

வட இந்தியாவின் பிஜ்னோர் பகுதியைச் சேர்ந்த மதிப்புமிக்க சையத் குடும்பம் ஒன்றில் 1840-ஆம் ஆண்டு பிறந்தவர் அஷ்ரஃபுன்னிசா பேகம். குர்ஆனை ஓதக் கற்பதற்கு அக்குடும்பத்துப் பெண்களுக்குத் தடை ஏதும் இருக்கவில்லை. அதற்கென ஓர் ஆசிரியையும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். கைம்பெண்ணான அந்த ஆசிரியை மறுமணம் செய்துகொண்டார் என்ற காரணத்தால் அவருடைய வருகை நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் அச்சிறுமி கற்றவை யாவும் மறைவில் கற்றவையே. நண்பகலில் பெரியவர்கள் கண்ணயரும் வேளையில் ரொட்டி சுடும் கல்லின் அடியில் படிந்த கரியைச் சுரண்டி எடுப்பார். துடைப்பத்திலிருந்து ஈர்க்குகளை உருவிக்கொள்வார். மொட்டைமாடியில் அமர்ந்து, கரியை மையாகவும் ஈர்க்கை எழுதுகோலாகவும் கொண்டு எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வரைவார். அவர் எழுதக் கற்றுக்கொண்ட செய்தி வெளிப்பட்டபோது குடும்பத்து மூத்த ஆண் ஒருவர் கடுஞ்சினம் கொண்டார்.

ஓதுவதை அனுமதித்த குடும்பம் எழுதுவதை ஏன் அஞ்சியது? பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்திய முஸ்லிம்களின் கல்விச் சீர்திருத்தத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 'படிப்பறிவு' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் இரு வேறு திறன்களை அடக்கிவிடுகின்றனர். வாசிப்பு என்பது பிறர் சொல்லைப் பெறுவது. எழுத்து என்பது தன் சொல்லை வெளியே அனுப்புவது. பர்தா என்பது பெண்ணின் உடலை மட்டுமன்றி அவளது குரலையும் பெயரையும் மறைத்துக் காக்கும் ஒழுங்காகக் கருதப்பட்ட ஒரு சமூகத்தில், கடிதம் ஒன்று சுவரைத் தாண்டிச் செல்லக்கூடியது. தமிழில் 'கையெழுத்து' என்ற சொல் எழுதும் பாங்கையும் குறிக்கும். பெயரிட்டு ஒப்பமிடுவதையும் குறிக்கும். ஏறத்தாழ 1869 முதல் 1945 வரையிலான முஸ்லிம் பெண்கல்வி வரலாற்றை, முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளை நோக்கிய நெடும்பயணமாக வாசிக்கலாம். முதலாவதைச் சீர்திருத்தவாதிகளான ஆண்கள் வழங்கினர். இரண்டாவதை எவரும் வழங்கவில்லை. பெண்கள் தாமே எடுத்துக்கொண்டனர்.

1869-இல் வெளிவந்த டிப்டி நசீர் அகமதுவின் 'மிராத்துல் உரூஸ்' (மணமகளின் கண்ணாடி) உருது நாவலின் தொடக்கப் படைப்புகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. தம் மகள்களுக்கு வாசிக்கத் தகுந்த நூல் கிடைக்காத நிலையில் அவர் அதை எழுதினார். வடமேற்கு மாகாண அரசு அந்நூலுக்கு 1000 ரூபாய் பரிசளித்தது. அக்பரி, அஸ்கரி என்னும் இரு சகோதரிகளின் கதை அது. கல்லாத அக்பரி குடும்பத்தைச் சீரழிக்கிறாள். கற்ற அஸ்கரி புகுந்த வீட்டின் கடனைத் தீர்க்கிறாள், கணவனை நெறிப்படுத்துகிறாள், வீட்டிலேயே சிறுமியருக்குப் பள்ளி நடத்துகிறாள். அஸ்கரிக்கு எழுதத் தெரியும். தொலைவிலிருக்கும் தந்தைக்குக் கடிதம் எழுதுவாள். ஐந்தாண்டுகள் கழித்து, 1874-இல், அல்தாஃப் ஹுசைன் ஹாலி 'மஜாலிஸுன் நிஸா' என்னும் உரையாடல் நூலை இயற்றினார். அதிலும் கற்ற தாயே குடும்பத்தின் அச்சாணி.

இவ்விரு நூல்களிலும் கல்வி பெற்ற பெண் ஓர் ஆணின் எழுதுகோலிலிருந்து பிறந்தவள். அவள் எழுதும் கடிதங்கள்கூட ஆசிரியர் எழுதியவை. அவளுடைய கல்வியின் பயன் வீட்டு எல்லைக்குள் அளந்து வைக்கப்பட்டது. எனினும், கல்வியற்ற பெண்ணே இயல்பு என்று கருதப்பட்ட காலத்தில் கற்ற பெண்ணை அறிவும் ஆளுமையும் மிக்க கதைத்தலைவியாக நிறுத்தியது சிறிய செயலன்று. அஸ்கரியின் கதையை வாசித்தவர்களுள் சிலர் அவளைப் போல் வீட்டை நடத்தினர். வேறு சிலர் அவளைப் படைத்தவரைப் போல் நூல் எழுதத் துணிந்தனர். நசீர் அகமது எதிர்பாராத விளைவு இந்த இரண்டாவது வகையினரே.

அவர்களுள் முதன்மையானவர் பாட்னாவைச் சேர்ந்த ரஷீதுன்னிசா. நசீர் அகமதுவின் நூல்களால் தூண்டப்பெற்று 1881-இல் அவர் 'இஸ்லாஹுன் நிஸா' என்ற நாவலை எழுதி முடித்தார். உருதுவில் பெண்ணொருவர் எழுதிய முதல் நாவலாக அறியப்படும் அது 1894-இல்தான் அச்சேறியது. மகன் இங்கிலாந்தில் சட்டம் பயின்று திரும்பிய பின்னரே அது கைகூடியது. வெளிவந்த நூலில் ரஷீதுன்னிசா என்ற பெயர் இல்லை. பாரிஸ்டர் சுலைமானின் தாய், இன்னாரின் மகள், இன்னாரின் சகோதரி என்ற உறவு விளக்கங்களே ஆசிரியரை அடையாளப்படுத்தின. ஒரு பெண் நாவல் எழுதுவதைக் குடும்பம் பொறுத்துக்கொண்டது. அவள் தன் பெயரை அச்சில் இடுவதைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

இது தனியொரு நிகழ்வன்று. 1907-இல் 'கூதட் கா லால்' என்னும் புகழ்பெற்ற நாவலை எழுதிய அக்பரி பேகம், 'அஃப்சல் அலியின் தாய்' என்றே வாசகர்களுக்கு அறிமுகமானார். அவருடைய உறவினரும் பிற்காலத்தில் எழுத்தாளர் குர்ரதுல் ஐன் ஹைதரின் தாயாக அறியப்பட்டவருமான நஸ்ர் சஜ்ஜாத் ஹைதர், திருமணத்துக்கு முன் 'நஸ்ருல் பாகரின் மகள்' என்று ஒப்பமிட்டு எழுதினார். அலிகர் பகுதியின் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் 1894-இல் பிறந்து 1922-இல் இளமையிலேயே மறைந்த கவிஞர் ஸாஹிதா காத்தூன் ஷெர்வானி, தம் பெயரின் முதலெழுத்துகளான 'ஸே-கே-ஷீன்' என்ற மூன்றுக்குள் தம்மை ஒளித்துக்கொண்டார். மகன், தந்தை, மூன்று எழுத்துகள் என இம்மறைப்புகள் ஒவ்வொன்றும் வேறு வகை. ஆனால் எழுத்துக்கு ஒப்பமில்லாத நிலை மூன்றுக்கும் பொது.

சீர்திருத்தவாதிகளே இவ்விடத்தில் பிளவுபட்டிருந்தனர் என்பது வரலாற்றின் கவனத்துக்குரிய செய்தி. சர் சையத் அகமது கான் அலிகரில் 1875-இல் தொடங்கிய கல்வி நிறுவனம் முஸ்லிம் ஆண்களின் நவீனக் கல்விக்கு வித்திட்டது. 1882-இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் அவர் அளித்த சாட்சியம் பெண்கல்வியில் வேறொரு வரிசையை முன்வைத்தது: முதலில் ஆண்கள் கற்கட்டும், அவர்கள்வழியே பெண்களுக்கும் கல்வி வந்து சேரும். தம் தாயின் அறிவிலும் ஒழுக்கத்திலும் பெருமதிப்புக் கொண்டிருந்த அவருக்கு, மரபான வீட்டுக் கல்வி போதுமானதாகவே தோன்றியது.

தேவ்பந்தில் பயின்ற சையத் மும்தாஜ் அலி அந்த வரிசையை ஏற்கவில்லை. இஸ்லாமிய மூலங்களைக் கொண்டே ஆண்-பெண் சமத்துவத்தை வாதிடும் 'ஹுகூகே நிஸ்வான்' (பெண்களின் உரிமைகள்) என்ற நூலின் கையெழுத்துப் படியை அவர் சர் சையத்திடம் காட்டினார். சில வரிகளை வாசித்ததும் சர் சையத்தின் முகம் சிவந்தது. படியைக் கிழித்துக் குப்பைக்கூடையில் எறிந்தார். உணவுக்கு அழைப்பு வந்து அவர் எழுந்து சென்றதும் மும்தாஜ் அலி அதை மீட்டெடுத்தார். சர் சையத் 1898 மார்ச்சில் காலமானார். அந்நூல் அதே ஆண்டில் அவரது மறைவுக்குப் பின் வெளிவந்தது. நவீனக் கல்வியின் தந்தை பெண்ணுரிமை நூலைக் கிழித்தார். மரபான மதரசாவில் பயின்றவர் அதை எழுதினார். 'நவீனம் விடுதலை தரும், மரபு தடுக்கும்' என்ற எளிய வாய்பாட்டைக் கொண்டு இக்காலத்தை அளக்க முற்படுவோர் இந்த நிகழ்ச்சியைக் கடந்து செல்ல இயலாது.

மௌலானா அஷ்ரஃப் அலி தானவியின் 'பஹிஷ்தி ஸேவர்' (சொர்க்கத்து அணிகலன்) இச்சிக்கலை இன்னும் கூர்மையாக்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்து, மணப்பெண்ணுக்கு அளிக்கும் சீர்வரிசையில் இடம்பெறும் அளவுக்குப் பரவிய நூல் அது. சமயச் சட்டத்தைப் பெண்கள் முழுமையாக அறிய வேண்டும் என்று தானவி கருதினார். ஆணைவிடப் பெண்ணுக்குக் குறைந்த அறிவு போதும் என்று அவர் கூறவில்லை. எழுத்துகளையும் கடிதம் வரையும் முறையையும்கூட அந்நூல் கற்பித்தது. அதே வேளையில் பெண்கள் எழுதும் கடிதங்கள் வீட்டு ஆண்களின் பார்வைக்கு உட்பட வேண்டும் என்றும் அது எச்சரித்தது. வாசிக்கத் தகாதவை என்று அது சுட்டிய நூல்களில் நசீர் அகமதுவின் நாவல்களும் இடம்பெற்றன. ஒரு சீர்திருத்தவாதி பெண்களுக்கென எழுதியதை மற்றொரு சீர்திருத்தவாதி பெண்களுக்கு ஆகாதது என்றார். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்று: பெண் எதை வாசிக்கலாம், எதை எழுதலாம் என்பதை முடிவுசெய்யும் உரிமை தம்மிடம் உள்ளது என்ற நம்பிக்கை.

இந்நம்பிக்கையில் முதல் விரிசலை உண்டாக்கியது 1898-இல் லாகூரில் தொடங்கப்பட்ட 'தஹ்ஸீபே நிஸ்வான்' வார இதழ். அதன் ஆசிரியர் பொறுப்பை ஏற்றவர் மும்தாஜ் அலியின் மனைவி முகம்மதி பேகம். அப்போது அவருக்கு வயது இருபது. அறிமுகப் படிகள் பல முகவரிகளுக்கு அனுப்பப்பட்டன. உறைமீது வசைகள் எழுதப்பட்டுப் பல திரும்பி வந்தன. கணவன் மனைவி இருவரும் பின்வாங்கவில்லை. இல்லப் பராமரிப்பு, குழந்தை வளர்ப்பு, சடங்குகளில் வீண்செலவு, மணமக்களின் ஒப்புதல் எனப் பல பொருள்களில் பெண்கள் எழுதினர். ஒருவர் கருத்தை மற்றவர் மறுத்தனர். தன் வீட்டு முற்றத்தைத் தாண்டிராத பெண் ஒருத்தி, தான் ஒருபோதும் காணாத வேறொரு நகரத்துப் பெண்ணோடு வாதாடும் வெளி அங்கே உருவாயிற்று. முகம்மதி பேகம் 1908-இல், முப்பது வயதில் மறைந்தார். இதழோ ஏறத்தாழ அரை நூற்றாண்டு தொடர்ந்தது.

அவ்விதழின் பக்கங்களில்தான், 1899-இல், அஷ்ரஃபுன்னிசா பேகம் தாம் எழுதக் கற்ற கதையை வெளியிட்டார். கணவரை இழந்த பின் லாகூர் விக்டோரியா பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகப் பணியேற்று உயர்ந்திருந்தவர் அவர். ரொட்டிக்கல்லின் கரியும் துடைப்பத்து ஈர்க்கும் இன்று நமக்குத் தெரிவது அவரே எழுதியதால். 1903-இல் அவர் காலமானதும் முகம்மதி பேகம் அவரது வாழ்க்கை வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். முஸ்லிம் பெண்ணொருவரின் வாழ்வை மற்றொரு முஸ்லிம் பெண் எழுதி, இருவர் பெயரும் அச்சில் நின்ற நிகழ்வு அது. அஸ்கரி கற்பனைத் தலைவி; அஷ்ரஃப் உண்மைத் தலைவி. அவரைப் படைக்க ஆண் ஆசிரியர் தேவைப்படவில்லை.

அலிகரில் இதே பணி நிறுவன வடிவம் பெற்றது. ஷேக் அப்துல்லா 1904-இல் 'காத்தூன்' இதழைத் தொடங்கினார். பெண்களின் நெடிய மௌனத்துக்கு நீதி கேட்கும் ஹாலியின் 'சுப் கீ தாத்' கவிதை 1905-இல் அதில்தான் வெளிவந்தது. 1906-இல் அப்துல்லாவும் அவருடைய மனைவி வஹீத் ஜஹான் பேகமும் பெண்கள் பள்ளியைத் திறந்தனர். திரையிட்ட பல்லக்குகளில் மாணவியர் பள்ளிக்கு அழைத்துவரப்பட்டனர். 1914-இல் விடுதி திறக்கப்பட்டது. வஹீத் ஜஹான் பேகம் அங்குத் தாயின் இடத்தில் இருந்து பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டார். போபால் அரசி சுல்தான் ஜஹான் பேகம் பொருளுதவியும் தம் பெயரின் மதிப்பும் அளித்தார். பெண்களின் உயர்கல்வியை ஒத்திவைத்த அலிகரில், 1920-இல் பல்கலைக்கழகம் உருவானபோது அதன் முதல் வேந்தராக அமர்ந்தவர் இந்தப் பெண்மணியே. அவர் ஒப்பமிட்டால் அது ஆணை. எனினும் அவரது அதிகாரம் அரச மரபிலிருந்து வந்தது. பள்ளிக்குப் பல்லக்கில் வந்த சிறுமிக்கு அத்தகைய பின்புலம் இல்லை.

வங்காளத்தில் இதே போராட்டம் மொழியின் வழியாகவும் நடந்தது. 1880-இல் ரங்பூர் மாவட்டத்துப் பைராபந்தில் பிறந்த ரொக்கையா, வீட்டார் உறங்கிய பின் மெழுகுத்திரி வெளிச்சத்தில் அண்ணன் இப்ராஹிமிடம் பாடம் கற்றார். மேட்டுக்குடி முஸ்லிம் வீட்டுப் பெண்ணுக்கு வங்காளம் தகாத மொழியாகக் கருதப்பட்ட காலம் அது. பாகல்பூரில் துணை நீதிபதியாக இருந்த கணவர் சகாவத் ஹுசைன் அவரது எழுத்தை ஊக்குவித்தார். கணவர் பணி நிமித்தம் வெளியூர் சென்றிருந்தபோது பொழுதுபோக்காக ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-இல் வெளிவந்தது. ஆண்கள் வீட்டுக்குள் அடைபட, பெண்கள் அறிவியலின் துணையோடு நாடாளும் உலகை அது கற்பனை செய்தது. அதை வெளியிட்டது சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் இதழ். வங்காள முஸ்லிம் பெண்ணின் கனவு முதலில் அச்சேறியது சென்னையில் என்பது தமிழ் வாசகர் மறத்தலாகாத செய்தி. கதையின் கீழ் இருந்த பெயர் 'திருமதி ஆர். எஸ். ஹுசைன்'. ஆண்களைச் சிறைவைத்த கதைக்கும் கணவர் பெயரே மேலுறை.

1909-இல் கணவர் இறந்த பின் பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு அவர் தொடங்கிய பள்ளி, 1911 மார்ச்சில் கல்கத்தாவில் எட்டு மாணவியரோடு மீண்டும் திறக்கப்பட்டது. பள்ளி வண்டி பற்றி அவர் 1931-இல் வெளியிட்ட 'அபரோத்பாசினி' நூலில் பதிவுசெய்த நிகழ்ச்சி பெண்கல்வியின் இக்கட்டை முழுமையாகக் காட்டுகிறது. பர்தாவைக் காக்க வேண்டி வண்டி காற்றுப் புகாதபடி மூடப்பட்டிருந்தது. சிறுமியர் மூச்சுத் திணறி மயங்கினர். பெற்றோர் முறையிட்டதும் மூடிய பக்கங்களைத் திறந்து திரைச்சீலை தொங்கவிடப்பட்டது. திரை காற்றில் அசைந்து உள்ளிருப்போர் தெரிகின்றனர் என்று கண்டனக் கடிதங்கள் வந்தன. அவற்றுள் ஒன்றில் 'இஸ்லாமியச் சகோதரன்' என்று ஒப்பமிடப்பட்டிருந்தது. தம் பள்ளியைத் தம் பொறுப்பில் நடத்திய பெண்ணை மிரட்டிய ஆண் தன் பெயரை எழுதவில்லை. பெயர் மறைப்பு அதுவரை பெண்ணின் நாணமாக விளக்கப்பட்டு வந்தது. இங்கு அது ஆணின் கவசமாயிற்று.

ரொக்கையா 1932 டிசம்பர் 9 அன்று மறைந்தார். அதே டிசம்பரில் லக்னோவில் 'அங்காரே' (தணல்கள்) என்னும் உருதுத் தொகுப்பு வெளிவந்தது. நான்கு எழுத்தாளர்களுள் ஒரே பெண் மருத்துவர் ரஷீத் ஜஹான். அலிகர் பெண்கள் பள்ளியின் நிறுவனர்களான ஷேக் அப்துல்லா, வஹீத் ஜஹான் பேகம் இணையரின் மகள் அவர். அவருடைய கதையும் ஓரங்க நாடகமும் பர்தாவுக்குள் வாழும் பெண்ணின் சோர்வையும், இடைவிடாத மகப்பேறுகளால் நலிந்த உடலையும் பற்றிப் பேசின. இன்னாரின் மகள் என்றோ முதலெழுத்துகளாகவோ அல்லாமல் ரஷீத் ஜஹான் என்றே பெயர் அச்சிடப்பட்டது. 1933 மார்ச்சில் ஐக்கிய மாகாண அரசு நூலைத் தடைசெய்தது. அவரைத் தாக்கப்போவதாக மிரட்டல்கள் எழுந்தன. கண்டனம் நூலோடு நிற்கவில்லை. பெற்றோர் நடத்திய பள்ளியையே மூட வேண்டும் என்ற கூக்குரல் அலிகரில் எழுந்தது. அப்போது பள்ளியைக் காத்துக் கட்டுரை எழுதியவர் அங்குப் பயின்ற மாணவி ஒருவர். அவர் பெயர் இஸ்மத் சுக்தாய்.

சுக்தாயின் முதற்படைப்புகள் அச்சில் வந்தபோது, ஏற்கெனவே எழுத்தாளராகப் புகழ்பெற்றிருந்த அண்ணன் அஸீம் பேக் சுக்தாய்தான் பெண் பெயரில் எழுதுகிறார் என்று வாசகர் சிலர் எண்ணினர். ரஷீதுன்னிசாவின் காலத்தில் பெண்ணின் பெயரை அச்சிட முடியவில்லை. அரை நூற்றாண்டு கழித்து அச்சிடப்பட்ட பெயரை நம்ப முடியவில்லை. 1942-இல் வெளிவந்த 'லிஹாஃப்' கதைக்காக லாகூர் நீதிமன்றத்தில் ஆபாச வழக்கு தொடரப்பட்டதும் அந்த ஐயம் முடிவுக்கு வந்தது எனலாம். வழக்குக்கு ஓர் ஆசிரியர் தேவை; அரசே அவரது பெயரை எழுதி அழைப்பாணை அனுப்பியது. மன்னிப்புக் கோர மறுத்து அவர் வழக்கில் வென்றார்.

இந்நெடும்பயணத்தை ஆண் சீர்திருத்தவாதிகளின் கொடையாக மட்டும் காண்பது பிழை. அவர்கள் பெண்ணை வீட்டுக்குள் மேலும் இறுக்கிக் கட்டினர் என்று மட்டும் காண்பதும் பிழை. நசீர் அகமது இன்றி ரஷீதுன்னிசா இல்லை. மும்தாஜ் அலி இன்றித் 'தஹ்ஸீபே நிஸ்வான்' இல்லை. ஷேக் அப்துல்லாவின் பள்ளியிலிருந்துதான் அவருடைய மகளும் சுக்தாயும் வந்தனர். ஆயினும் அவர்கள் அமைத்த பாடத்திட்டத்தின் எல்லைக்குள் எவரும் நிற்கவில்லை. குடும்பக் கணக்கு எழுதக் கொடுத்த எழுதுகோலால் நாவல் எழுதப்பட்டது. நாவலின் மேல் பெயர் ஏறியது. பெயருக்காக வழக்கும் நடந்தது.

இவ்வரலாற்றின் ஓர் ஓரத்தில் இன்னும் ஒருத்தி நிற்கிறாள். 'மிராத்துல் உரூஸ்' நாவலில் மாமா அஸ்மத் என்னும் பணிப்பெண் வருகிறாள். நெடுங்காலம் அவ்வீட்டின் வரவுசெலவு அவள் கையில் இருந்தது. கற்ற மருமகள் அஸ்கரி கணக்குகளைச் சரிபார்த்து, அவள் செய்த மோசடியை வெளிப்படுத்தி வெளியேற்றுகிறாள். தலைவியின் எழுத்தறிவு பெறும் முதற்பெரும் வெற்றிகளுள் ஒன்று, எழுத்தறிவற்ற ஏழைப் பெண்ணின் மீது பெற்ற வெற்றி. இந்தப் பள்ளிகளும் இதழ்களும் பெரிதும் மேட்டுக்குடி வீடுகளுக்காக எழுந்தவை. மாணவியரின் பல்லக்குகளைச் சுமந்தவர்களின் மகள்கள் எங்குப் படித்தனர் என்ற கேள்வியை அவற்றின் பக்கங்கள் அரிதாகவே எழுப்பின. ரஷீத் ஜஹான் போன்ற மருத்துவர் ஏழைப் பெண்களின் வாழ்வை எழுத்துக்குக் கொண்டுவர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அப்போதும் அது அவரது கையெழுத்தே.

ரஷீதுன்னிசாவின் பெயரை இன்றைய நூலகப் பட்டியல்கள் முறையாகப் பதிவு செய்கின்றன. மாமா அஸ்மத் தன் கணக்கை எப்படிச் சொல்லியிருப்பாள் என்று கேட்கும் ஆய்வுக்கு உரிய ஆவணங்கள் கடிதக் கட்டுகளிலோ இதழ்த் தொகுதிகளிலோ கிடைப்பது அரிது. நீதிமன்றப் பதிவுகளிலும் மருத்துவமனைக் குறிப்பேடுகளிலும் அவளைப் போன்றோர் ஒப்பமிட்ட இடத்தில் பெரும்பாலும் இருப்பது பெருவிரல் ரேகை.